வளையும் அணை

மதுரை, தேனி வட்டாரங்களில் பிறந்து, வைகை அணைப் பூங்காவைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் மிகச் சிலரே இருக்க முடியும். பள்ளிச் சுற்றுலா என்றால் புளிசாதப் பொட்டலமும் வைகை அணையும்தான். அங்கே கீழே நின்றுகொண்டு அணையின் கற்சுவரை அண்ணாந்து பார்ப்பவர்களிடம், “இந்தச் சுவர் இப்போது வளைந்துகொண்டிருக்கிறது” என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் பேருந்தை நோக்கி ஓடுவார்கள். ஆனால் அது முழு உண்மை. நீர்மட்டம் உயர உயர, அந்தச் சுவர் ஆறு ஓடும் திசையில் ஒரு மயிரிழை சாய்கிறது. தண்ணீர் இறங்கினால் மறுபடி நிமிர்கிறது. 1959 ஜனவரி 21ல் திறந்து வைக்கப்பட்ட நாள் முதல் ஒவ்வோர் ஆண்டும் அது இப்படிச் சாய்ந்தும் நிமிர்ந்தும் வருகிறது.

கல்லால் கட்டிய சுவர் வளையுமா? வளையும் என்றால் எவ்வளவு? எவ்வளவு வளையலாம்? இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒழுங்கான விடை கண்டுபிடிக்க மனித இனத்துக்குச் சுமார் 250 ஆண்டுகள் பிடித்தன. அதற்கு விலையாக உயிர்களும் போயின. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். அதற்குமுன் நம் வாயில் தினமும் புழங்கும் சில சொற்களைப் பார்த்துவிடுவோம். ஏனென்றால் விஞ்ஞானத்தில் ஏற்படும் குழப்பத்தில் பாதி, சொல்லில் இருந்துதான் பிறக்கிறது.

‘வளை’ என்ற ஒரு வேரிலிருந்து நாம் எத்தனை பொருளைக் கறக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கையிலே போட்டால் வளையல். எலி தோண்டினால் வளை. பாலத்தின் அடியில் இருந்தால் வளைவு. அடுத்தவன் நிலத்தை அபகரித்தால் ‘வளைத்துப் போட்டான்’. கல்யாண வீட்டில் நாலு பேர் சாப்பாட்டை ஒருவரே சாப்பிட்டால் ‘வளைத்துக் கட்டினார்’. வேண்டியவருக்காகச் சட்டத்தை வளைத்தால் குற்றம். குடும்பத்தில் வளைந்து கொடுத்தால் குணம். அதே ‘வளைந்து கொடுக்காதவர்’ என்ற சொல்லை ஓர் அதிகாரியைப் பற்றிச் சொன்னால் பாராட்டு, மருமகளைப் பற்றிச் சொன்னால் புகார்!

வளைதல் ஒன்றோடு தமிழன் நிற்கவில்லை. காற்றில் தென்னை வளைகிறது, கொடி துவள்கிறது, பாம்பு நெளிகிறது, மின்கம்பி தொய்கிறது, தகரம் மடங்குகிறது, குச்சி ஒடிகிறது, எலும்பு முறிகிறது. கீழே விழுந்த பித்தளைக் குடம் நெளிந்துபோகிறது. ஆனால் ஒரு தொழிலின் ‘நெளிவு சுளிவு’ தெரிந்தவன் கெட்டிக்காரன். இவற்றுள் எதுவும் மற்றொன்றுக்கு ஈடாகாது. மின்கம்பி துவள்கிறது என்றோ, கொடி தொய்கிறது என்றோ சொன்னால் ஏதோ இடிக்கிறதல்லவா? எதனால் ஆனது, எந்த விசை, திரும்புமா திரும்பாதா என்ற மூன்றையும் நம் முன்னோர் ஒரே வினைச்சொல்லில் அடைத்து வைத்திருக்கிறார்கள்.

‘நெகிழ்’ என்பது இன்னும் நயமானது. சங்கப் பாடல்களில் பிரிவினால் மெலிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்து கழன்று விழும். அங்கே நெகிழ்வது என்றால் இறுக்கம் தளர்வது. இன்று யாருடைய பேச்சையாவது கேட்டு மனம் நெகிழ்கிறோம். பிளாஸ்டிக்குக்கு ‘நெகிழி’ என்று பெயர் சூட்டியிருக்கிறோம். அலுவலக நேரத்தில் ‘நெகிழ்வு’ வேண்டும் என்று மனுக் கொடுக்கிறோம்.

ஆங்கிலத்திலும் இதே கூத்துத்தான். ‘வளை’ என்று பொருள்படும் ஓர் இலத்தீன் வேரிலிருந்து ‘ஃபிளெக்ஸ்’ என்ற சொல் பிறந்தது. நம் முழங்கையை மடக்கும் தசைக்கு அந்த வேரிலிருந்தே பெயர். முண்டாவை மடக்கிக் காட்டுவதும் ஃபிளெக்ஸ்தான். அதிலிருந்து, பெருமை அடித்துக்கொள்வதற்கே இன்றைய இளைஞர்கள் அச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். தமிழ்நாட்டிலோ ஃபிளெக்ஸ் என்றால் தெரு முனையில் கட்டும் பேனர். சுருட்டி எடுத்துச் செல்லக்கூடிய நெகிழித் துணி என்பதால் வந்த பெயர் அது. அதில் அச்சாகும் முகங்களைப் பார்த்தால், முண்டா தட்டும் பொருளும் தவறாமல் பொருந்துகிறது.

இப்போது ஒரு கேள்வி. எஃகு, ரப்பர் இரண்டில் எதற்கு மீட்சித் தன்மை அதிகம்? என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் இதைக் கேட்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஒரே குரலில் “ரப்பர்” என்ற விடை வருகிறது. பௌதிகத்தின் விடை: எஃகு! நாம் அன்றாடப் பேச்சில் ‘எளிதாக இழுபடுவது’ எதுவோ அதை மெச்சுகிறோம். பௌதிகமோ, உருமாற்றத்தை எதிர்த்து நின்று, விசையை எடுத்தவுடன் பழைய உருவுக்குத் திரும்புவது எதுவோ அதை மெச்சுகிறது. ஒரே பருமனுள்ள எஃகுக் கம்பியையும் ரப்பர் கயிற்றையும் ஒரே அளவு நீட்ட வேண்டுமானால், எஃகுக்குப் பல ஆயிரம் மடங்கு விசை வேண்டும். நம் பாடநூல்கள் இதற்கு ‘நெகிழ்ச்சி’ என்று எழுதாமல் ‘மீட்சி’ என்று எழுதியது மிகப் பொருத்தம். வளைவது பெரிதல்ல, மீள்வதே பெரிது என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

கலிலியோவின் விட்டம்

வளைவதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம் என்று முதலில் துணிந்தவர் கலிலியோ. பூமி சுற்றுகிறது என்று சொன்ன குற்றத்துக்காக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டிருந்த முதிய வயதில், 1638ல் அவருடைய கடைசிப் பெரும் நூல் வெளிவந்தது. அதில் ஒரு படம் இருக்கிறது. பாழடைந்த சுவர் ஒன்றில் ஒரு முனை செருகப்பட்ட மரவிட்டம். மறுமுனையில் ஒரு பாரம் தொங்குகிறது. எவ்வளவு பாரத்துக்கு விட்டம் முறியும்? இதுதான் கேள்வி. விட்டத்தின் கீழ் விளிம்பைக் கீலாகக் கொண்டு, குறுக்குவெட்டு முழுவதும் ஒரே சீராக இழுபட்டு எதிர்க்கிறது என்று கலிலியோ கொண்டார். அது சரியல்ல. எங்கே பிசகு என்பதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

தடித்த அழிப்பான் ஒன்றை எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் நெருக்கமாகச் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இப்போது இரு முனைகளையும் பிடித்து வளையுங்கள். வெளிப்பக்கத்தில் கோடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன, உட்பக்கத்தில் நெருங்குகின்றன, நடுவே ஓரிடத்தில் மாற்றமே இல்லை. ஆக, வளைதல் என்பது தனியான ஒரு காரியமன்று. ஒரு பக்கம் நீளுதல், மறுபக்கம் அமுங்குதல், நடுவிலே சும்மா இருத்தல். இதைத் தெளிவாக வகுத்துச் சொல்ல 1773ல் கூலும் வரவேண்டியிருந்தது. முழுமையான கணக்காக்க 1826ல் நவியே வரவேண்டியிருந்தது.

இடையிலே இராபர்ட் ஊக் ஒரு வேடிக்கை செய்தார். வில்சுருளை எவ்வளவு விசையுடன் இழுக்கிறோமோ அந்த விகிதத்தில் அது நீளும் என்ற விதியைக் கண்டவர், அதை 1676ல் 14 எழுத்துகள் கொண்ட ஒரு புதிராகக் கலைத்துப்போட்டு அச்சிட்டார். பிறர் திருடிவிடக் கூடாதாம்! இரண்டாண்டு கழித்து 1678ல் தானே புதிரை அவிழ்த்தார். தராசுக் கடைக்காரரின் சுருள்வில் தராசு இன்றும் அந்த விதிப்படியே நிறுக்கிறது. அந்த விகிதம் ஓர் எல்லை வரைதான் செல்லும். எல்லையைத் தாண்டினால் பொருள் மீளாது. பித்தளைக் குடத்தைப்போல் நெளிந்தபடியே நின்றுவிடும், அல்லது கண்ணாடியைப்போல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா’ என்ற பழமொழியையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். பச்சை மூங்கில் வளைவதற்கும் காய்ந்த மூங்கில் பிளப்பதற்கும் காரணம் வயதல்ல, ஈரம். கூடை முடைபவர்கள் மூங்கில் பிளாச்சைத் தண்ணீரில் ஊறவைத்து வளைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

செங்குத்தாக நின்ற விட்டம்

இனி அணைக்கு வருவோம். கலிலியோவின் விட்டத்தைச் சுவரிலிருந்து பிடுங்கி, பாறையில் செங்குத்தாக நட்டு, பாரத்துக்குப் பதில் ஒரு பக்கம் தண்ணீரைத் தேக்கினால் அதுதான் அணை. தண்ணீர் தள்ளுகிறது. நீர்ப்பக்க முகம் நீள முயல்கிறது. மறுபக்க முகம் அமுங்குகிறது.

எவ்வளவு தள்ளுகிறது? வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. 71 அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடியையும் தண்ணீர் ஏறக்குறைய 2 டன் விசையுடன் அழுத்தும். மேலே குறைவு, கீழே அதிகம் என்பதால் எல்லாவற்றையும் கூட்டினால், அணையின் ஒவ்வோரடி நீளத்தின் மேலும் சுமார் 71 டன் விழுகிறது. 71 அடிக்கு 71 டன் என்பது தற்செயல்தான். நினைவில் வைத்துக்கொள்ள வசதி! ஆனால் ஆழம் பாதியானால் டன் பாதியாகாது, கால் பங்காகிவிடும். அணையைக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறனோ எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆழத்தின் மும்மடிக்கு அது கட்டுப்பட்டது. நீர்மட்டம் ஓரடி ஏறினால் ஏன் இத்தனை பரபரப்பு என்பதற்கு இந்த மும்மடிதான் விளக்கம்.

இவ்வளவு விசைக்கு, இந்த உயரமுள்ள கல்லணையின் உச்சி எவ்வளவு நகரும் என்று நம் கல்லூரிக் கணக்கு முறையிலேயே மதிப்பிட்டால், ஒரு மில்லிமீட்டர் அளவில் விடை வருகிறது. தபால் அட்டையின் கனம் மூன்று நான்கைச் சேர்த்தாற்போல. மிகப் பெரிய அணைகளில் உச்சியிலிருந்து நீண்ட தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இந்த நகர்வை அளந்து குறித்து வருகிறார்கள். கொத்தனாரின் அதே தூக்குக்குண்டுதான்.

அமுங்குவதைக் கல் எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். இழுபடுவதைத் தாங்காது. கல்லையும் சுண்ணாம்பையும் இழுத்தால் விரிசல்தான். அப்படியானால் நீர்ப்பக்க முகம் இழுபடாமல் காப்பது எப்படி? இழுவிசையை விழுங்கும் அளவுக்கு அணையின் சொந்த எடை முன்கூட்டியே அதை அமுக்கி வைத்திருக்க வேண்டும். 1872ல் இதை ஒரு விதியாகச் சொன்னவர் ஸ்காட்லாந்துப் பேராசிரியர் இராங்கின். எடையும் நீரழுத்தமும் சேர்ந்த மொத்த விசை, அடித்தளத்தின் நடு மூன்றிலொரு பங்குக்குள் விழுமாறு அணையைக் கட்டினால் எங்கேயும் இழுவிசை தோன்றாது என்றார். இதை அவர் எழுதியது எந்த ஐரோப்பிய அணைக்காகவும் அன்று. பம்பாய் நகராட்சியின் பொறியாளர் குடிநீர்த் திட்டத்துக்காகக் கேட்ட யோசனைக்குப் பதிலாகவே எழுதினார்.

இரண்டு அணைகள், ஒரே ஆண்டு

வைகைக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை 1887ல் தொடங்கி 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. பென்னிகுவிக்கின் பெயரும் பட்ட பாடும் கம்பம் பள்ளத்தாக்கில் குழந்தைக்கும் தெரியும், இங்கே விரிக்கவில்லை. மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே வளைத்த கதை அது என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

அதே 1895, ஏப்ரல் 27. பிரான்சு நாட்டில் பூசே என்ற ஊரின் கல்லணை அதிகாலையில் உடைந்தது. 80க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அணை மெலிதாக இருந்தது. நீர்ப்பக்க முகம் இழுபட்டு மயிரிழை விரிசல் கண்டது. விரிசலுக்குள் தண்ணீர் புகுந்தது. புகுந்த தண்ணீர் சும்மா இருக்குமா? ஆப்பு அடித்தாற்போல மேல்நோக்கித் தள்ளியது. அணையின் எடையில் ஒரு பகுதி காணாமற் போனதற்கு அது சமம். விரிசல் இன்னும் நீண்டது. மேற்பகுதி பெயர்ந்து விழுந்தது. அணைக்கு உள்ளேயும் அடியிலும் நீர் மேல்நோக்கித் தள்ளும் என்பதை உலகப் பொறியாளர்கள் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது அந்தச் சாவுகளுக்குப் பின்னர்தான். ஆகவே 1895க்கு முன் வரையப்பட்ட எந்த அணையிலும் அந்தக் கணக்கு முழுமையாக இராது. பெரியாறு அணைக்கும் அது பொருந்தும்.

பெரியாறு அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த கான்கிரீட். சுர்க்கி என்பது செங்கல் தூள். இந்தக் கலவை சிமெண்டைவிட வலுக் குறைந்தது. ஆனால் சிமெண்டைவிட நெகிழக்கூடியது. மெதுவாக இறுகுகிறது, சிறு அசைவுக்கு ஈடுகொடுக்கிறது, மிக நுண்ணிய விரிசல்களில் கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்து மறுபடி படியவிட்டுத் தானே அடைக்கவும் செய்கிறது. நம் தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர்கள் மரவேர் தள்ளியும் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு பக்கமும் உண்டு. நீர் நெடுங்காலம் கசிந்தால் சுண்ணாம்பு வெளியேறிக்கொண்டே போகும், உடல் இலேசாகும். எடைதானே அணையின் உயிர்!

1979 நவம்பரில் மத்திய நீர் ஆணையம் பெரியாறு அணையை வலுப்படுத்தும்படி கூறியது. நீர்மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. முழு மட்டமான 152 அடியிலிருந்து 16 அடி குறைவு என்பது பத்தில் ஒன்றைவிடச் சற்றே கூடுதல். ஆனால் நம் மும்மடிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: கவிழ்க்கும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடுகிறது.

பிறகு மூன்று வேலைகள் நடந்தன. அணையின் தலைமேல் 12,000 டன் எடையுள்ள கான்கிரீட் தொப்பி ஒன்று வைத்தார்கள். பின்புறம் கான்கிரீட் முட்டுச்சுவர் சேர்த்தார்கள். மூன்றாவதுதான் என் மனத்தைக் கவர்ந்தது. அணையின் உச்சியிலிருந்து அடிப்பாறைக்குள் செல்லும்வரை துளையிட்டு, எஃகுக் கம்பிக் கட்டுகளை இறக்கி, அடியில் பாறையோடு பிணைத்து, மேலே முறுக்கேற இழுத்துப் பூட்டினார்கள். இழுக்கப்பட்ட எஃகு சுருங்கப் பார்க்கிறது; முடியவில்லை; ஆகவே அணையைப் பாறையோடு சேர்த்து அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ஊக் சொன்ன அதே வில்சுருள், கல்லுக்குள் புதைந்து ஓய்வில்லாமல் வேலை செய்கிறது.

புதுமையாகத் தோன்றுகிறதா? ஊர்க் கொல்லர் பட்டறையில் மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருந்தால் தோன்றாது. இரும்புப் பட்டையைச் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக அடித்து, நெருப்பிலே பழுக்கக் காய்ச்சி, விரிந்ததும் சக்கரத்தில் மாட்டித் தண்ணீரை ஊற்றுவார்கள். பட்டை சுருங்கி, ஆரக்கால்கள் குடத்தில் இறுகும். மரம் இழுபடாமல் எப்போதும் அமுங்கியே இருக்கும். பொறியியல் நூல்கள் இதை முன்தகைவு என்கின்றன. கொல்லர் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006ல் அனுமதித்து 2014ல் உறுதிசெய்தது. வழக்கும் வாதமும் ஓயவில்லை. இரு மாநிலத்தாரும் ‘அணை பலமா, பலவீனமா’ என்றே கேட்கிறார்கள். எந்த மட்டத்தில், எந்த இடத்தில், எவ்வளவு தகைவு என்று கேட்டால்தான் பௌதிகத்தால் பதில் சொல்ல முடியும்.

மண் எனும் நெகிழி

வைகை அணைக்கே திரும்புவோம். மூன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்த அணையில், நாம் அண்ணாந்து பார்க்கும் கற்சுவர் நடுவிலே ஒரு பகுதிதான். மற்றவை மண்கரைகள். சுற்றுலாக்காரர்கள் அவற்றை அணை என்றே எண்ணுவதில்லை. ஆனால் நெகிழ்ச்சியைப் பொறுத்தவரை மண்ணுக்குக் கல் நிகரல்ல. அடித்தளம் ஓரிடத்தில் கொஞ்சம் அமிழ்ந்தால் கல் விரிசல் விடும். ஈரக் களிமண் அதற்கேற்ப அமர்ந்துகொள்ளும். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நம் கண்மாய்க் கரைகள் நிற்பது இதனால்தான். அதே களிமண் காய்ந்துவிட்டால் வெடிப்பு விடுவதைக் கோடையில் எந்தக் கண்மாயிலும் பார்க்கலாம்.

மண்ணுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு: தலைக்கு மேலே ஓடும் தண்ணீர். 1979 ஆகஸ்டு 11ல் குஜராத்தில் மச்சு அணை உடைந்தது. அதுவும் வைகையைப் போலவே நடுவில் கட்டுமானம், இருபுறமும் மண்கரை. அளவுக்கு மீறிய வெள்ளம் கரைக்கு மேலே வழிந்தது. மண்கரைகள் இரண்டும் அரித்துப் போயின. நடுவிலிருந்த கட்டுமானம் மட்டும் தனியே நின்றது. கீழேயிருந்த மோர்வி நகரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர்.

வைகை அணையில் ஏழு பெரிய மதகுகள் நடுவிலே இருப்பதன் நோக்கம் இதிலிருந்து விளங்கும். வெள்ளம் கல்லின் மேல் செல்ல வேண்டும். மண்ணின் மேல் ஒரு துளியும் செல்லக் கூடாது. அதனால்தான் மழைக்காலத்தில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை விடுகிறார்கள். 68.5 அடியில் இரண்டாவது. 69 அடியில் மூன்றாவது எச்சரிக்கை விடுத்து, உபரி நீரை ஆற்றில் திறக்கிறார்கள். முழு மட்டத்துக்கு இன்னும் 2 அடி இருக்கும்போதே திறப்பானேன், அந்த நீரையும் தேக்கினால் ராமநாதபுரம் கண்மாய்க்கு ஆகுமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த 2 அடி, வருசநாட்டு மலையில் இரவோடு இரவாகக் கொட்டும் மழைக்காக ஒதுக்கி வைத்த இடம். நள்ளிரவில் மேலிருந்து வெள்ளம் வந்தால், மதகை ஏற்றி முடிக்கும்வரை அந்த நீர் நிற்க ஓர் இடம் வேண்டுமல்லவா?